உப்பு இருக்கிறதா என்று கேட்டால்

தேனு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் உப்பளத்து வரப்பில் நின்றிருந்தேன். நல்ல காற்று. நீ சொன்னதில் பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. "அப்பா, மரக்காணத்துல இந்த சீசன் எப்படி இருக்குது? வெல ஏறுமா, எறங்குமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, நாளைக்கு மீட்டிங்ல சொல்லணும்" என்றாய். "ஏறும்மா" என்றேன். அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். உனக்கு மேலே இருக்கிற அதிகாரி, உப்பு விற்க வருகிற சின்ன உப்பளக்காரர்களிடம், "எங்க குடோன் நெறைய சரக்கு இருக்குது, இப்போதைக்கு அவசரம் இல்ல" என்று சொல்லச் சொன்னாராம். குடோனில் பத்து நாளைக்குக்கூடச் சரக்கு இல்லையாம். "எல்லாரும் அப்படித்தான்பா பேசுவாங்க, இதுதான் வேலையே" என்றாய். காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாளாக அது மனதிலேயே கிடக்கிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று பார்த்தேன். தொண்டையைச் செருமுவதிலேயே ஒரு நிமிடம் போய்விட்டது. அதனால்தான் பேப்பரும் பேனாவும். எனக்கு அறுபத்துமூன்று முடிந்துவிட்டது. நீ அகமதாபாத்துக்கு ரயில் ஏறி நான்கு மாதம் ஆகிறது. நேரில் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டிய ஒன்றை, உன்னை ரயில் ஏற்றும்வரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். படிக்க நேரம் எடுக்கும். மதியச் சாப்பாட்டு வேளையில் படி.

முதலில் நீ கேட்ட கேள்விக்கே வருகிறேன். உன் கம்ப்யூட்டரில் உப்பு விலை ஒரு கோடாகத் தெரியும் என்று காட்டினாய், ஏறி இறங்கி ஏறி. எனக்கு அது மாதங்களாகத் தெரியும். தையில் பாத்தியை மிதித்து வரப்பு கட்டுகிறபோது விலை நன்றாக இருக்கும், கையில் உப்பு இருக்காது. பங்குனியில் முதல் உப்பு வாருவோம். சித்திரை, வைகாசியில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் வெள்ளை அம்பாரம்தான். அப்போதுதான் விலை விழும். தூத்துக்குடி உப்பும் வரும், நீ இருக்கிற குஜராத்திலிருந்தும் வரும். ஒரு மூட்டை உப்பு விற்ற காசில் நாலு பேர் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் வயிறாரச் சாப்பிட முடியாத வருஷங்கள் உண்டு. மழை வந்தால் விலை ஏறும், வந்த மழை உப்பைக் கரைத்திருக்கும். மற்ற விளைச்சலுக்கும் இப்படித்தான் என்று சொல்வார்கள். ஆனால் உப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. விலை இறங்கிவிட்டது என்று யாரும் குழம்பில் ஒரு கை கூடப் போடுவதில்லை. ஏறிவிட்டது என்று குறைப்பதும் இல்லை. வேண்டியது வேண்டியதுதான். அதனால் உப்பு கொஞ்சம் குறைகிறது என்ற பேச்சே போதும், விலை துள்ளிவிடும். நிஜமாகவே குறைய வேண்டும் என்பதுகூட இல்லை.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் புரியவே புரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரியில் அந்த சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பில் போடுகிற இடத்தில் உப்பு பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்பா, எங்க ஊர்ல பாத்தியில பாதி வெலைக்கு எறங்கிக் கெடக்குது. பாக்கெட்டுல மட்டும் எறங்கவே எறங்காதா?" என்று கேட்டாள். அந்தப் பையன், "எம்ஆர்பி ஆன்ட்டி" என்றான். "எம்ஆர்பின்னா ஏறத்தான் தெரியுமா அதுக்கு?" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ வெட்கப்பட்டு ஷாம்பூ அடுக்குப் பக்கம் போய் நின்றுகொண்டாய். நானும் உன் பின்னாலேயே வந்துவிட்டேன். உப்பு விளைவிக்கிறவன் பதில் சொல்லாமல் நழுவியதை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. அவள் கேட்டது சரியான கேள்வி. இன்றைக்கு நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலி, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த நாற்காலி.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ பிளஸ் டூ முடித்துவிட்டு காலேஜ் திறக்கக் காத்திருந்த ஆனி மாதம். அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். சாயங்கால மழை ஒன்றிரண்டு பெய்வது வழக்கம்தான்; அதற்கெல்லாம் நாங்கள் பயப்படுவதில்லை. அந்தத் தடவை மூன்று நாள் விடாமல் பெய்தது. பாத்தியில் விளைந்திருந்தது எல்லாருக்கும் போனது. வாரிக் குவித்து வைத்திருந்ததைக் கீற்று போட்டு மூடியவர்களுக்கும் பாதி கரைந்தது. நான் மட்டும் அதற்கு முந்தின வாரம்தான், ஏதோ தோன்றி, விழுப்புரத்திலிருந்து கனமான தார்ப்பாய் வாங்கிவந்து என் அம்பாரம் மூன்றையும் இழுத்துக் கட்டியிருந்தேன். அது கெட்டிக்காரத்தனம் இல்லை, வெறும் அதிர்ஷ்டம். நாலாம் நாள் வெயில் வந்ததும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் நனைந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து உப்பளங்களில் விற்கிற அளவுக்கு உப்பு வைத்திருந்தவன் அன்றைக்கு நான் ஒருவன்தான்.

அன்று காலையிலேயே காதர் பாய் கூப்பிட்டார். கோட்டக்குப்பத்துக்காரர், நம்மிடம் உப்பு எடுத்து பெங்களூருக்கும் கேரளாவுக்கும் லோடு அனுப்புவார், உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். "அண்ணே, சரக்கு இருக்குதா?" என்றார். நல்ல மனிதர், நியாயமான விலை கொடுப்பவர். என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "எங்க பாய், எல்லாம் கரைஞ்சிடுச்சு" என்றேன். "உங்களுக்குமா? யா அல்லா" என்று அவர் வருத்தப்பட்டார். எனக்காக வருத்தப்பட்டார் தேனு. நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பாய் இன்னொருவரிடம் சொல்லியிருப்பார், "அவர்கிட்டயே இல்லையாம்" என்று. மறுநாள் எனக்குத் தெரியாத நம்பர்களிலிருந்தெல்லாம் போன். ஒவ்வொருவரும் தானாகவே ஒரு விலை சொன்னார்கள், முந்தினவர் சொன்னதைவிடக் கூடுதலாக. டீக்கடையில் உப்பு விலைதான் பேச்சு. யாரோ, "இன்னும் ஒரு மாசத்துக்கு மரக்காணத்து உப்பே கெடையாது" என்று அடித்துச் சொன்னான். அந்தச் செய்தி புறப்பட்டதே என்னிடமிருந்துதான் என்று எனக்குத் தெரியும். டீயைக் குடித்துவிட்டு நானும் தலையை ஆட்டினேன். இதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ வருஷம் யாரோ எங்கேயோ வைக்கிற விலைக்குத் தலையை நீட்டியவன். முதல் தடவையாக விலை என் பேச்சைக் கேட்டது.

இரண்டாம் நாள் மதியத்துக்கு முன்னால் அஞ்சலை வந்தாள். கடற்கரைக் குப்பத்தில் கருவாடு போடுகிறவள். அவளும் அவள் நாத்தனாரும் சேர்ந்து செய்கிற தொழில். வருஷம் தவறாமல் நம்மிடம்தான் உப்பு எடுப்பாள். ஷேர் ஆட்டோவை வாடகைக்குப் பேசி, டிரைவரையும் கூட்டிக்கொண்டு வரப்பின் மேலேயே வந்துவிட்டாள். தடைக்காலம் முடிந்த சுருக்கில் காணாங்கெளுத்தி அள்ளிக்கொண்டு வந்திருந்தது. கரையில் விலை போகாமல் கிடந்ததையெல்லாம் இவள் கூடை கூடையாக எடுத்துப் போட்டிருந்தாள்.

"அண்ணே, பத்து மூட்ட போடுங்க. மீனு தொட்டியில காத்துக்கினு இருக்குது" என்றாள்.

"இல்லம்மா அஞ்சல. மழையில போச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். "தார்ப்பாய்க்கு அடியில இன்னாண்ணே?"

"அது சேறு கலந்தது. மீனுக்கு ஆவாது."

"ஆவட்டும்ணே. கழுவி எடுத்துக்கறேன். அஞ்சு மூட்டயாவது குடுங்க. வெல இன்னா போடறீங்களோ போடுங்க."

விலை என்ன போட்டாலும் சரி என்றே சொன்னாள். அப்படியும் நான் கொடுக்கவில்லை. அவளுக்கு ஐந்து மூட்டை கொடுத்தால், உப்பு இருக்கிறது என்கிற பேச்சு சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். ஏறிய விலை இறங்கிவிடும். அதுதான் கணக்கு. "வித்தாச்சும்மா. லாரி வருது" என்றேன். ஒரே மூச்சில் மூன்று பொய். கரைந்தது, சேறானது, விற்றது. ஒன்றுக்கொன்று ஒத்துக்கூடப் போகவில்லை. அவள் சண்டை போடவில்லை. கூட வந்த டிரைவரிடம், "வாப்பா, கூனிமேட்டுப் பக்கம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூனிமேட்டிலும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் நான் எழுத வேண்டும். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாய். அஞ்சலை பேசியது முழுவதையும் மோட்டார் கொட்டகை நிழலில் நின்று கேட்டிருக்கிறாய். நான் கை கழுவப் போன நேரத்தில் என் போன் அடித்தது, நீ எடுத்தாய். காதர் பாய். நான் திரும்பி வரும்போது நீ சொல்லிக்கொண்டிருந்தாய்: "இருக்குதே பாய் மாமா. மூணு அம்பாரமும் அப்படியே இருக்குது. அப்பா மூடி வெச்சிருக்காரு." போனை உன் கையிலிருந்து பிடுங்கினேன். பிறகு அதே கையால் உன்னை அறைந்தேன். நீ பிறந்ததிலிருந்து உன்மேல் கை வைத்தவன் இல்லை. பதினேழு வயதுப் பெண்ணை, வேலை செய்கிறவர்கள் பார்க்க, உண்மையைச் சொன்னதற்காக அடித்தேன். நீ அழவில்லை. "அவங்க மீனு அழுகிடும்பா" என்றாய். சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

பாய்க்குக் கோபம் வந்திருக்கும் என்று பயந்தேன். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார், சிரித்தார். "புள்ள உண்மைய சொல்லிடுச்சுண்ணே. பரவால்ல, வியாபாரத்துல எல்லாரும் பேசறதுதான். வெல சொல்லுங்க, லாரி அனுப்பறேன்" என்றார். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வாக்கியம். எல்லாரும் அப்படித்தான். அதைக் கேட்டதும் அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் லாரிகள் வந்தன. வழக்கத்தைவிட மூன்று மடங்கு விலைக்கு மூன்று அம்பாரமும் போனது. அந்தப் பணத்தில்தான் உன்னைச் சென்னையில் காலேஜில் சேர்த்தேன். செய்த தப்புக்கு ஏதோ ஒரு வகையில் அடி விழும், மனம் திருந்தும் என்று கதைகளில் வரும். எனக்கு ஒரு அடியும் விழவில்லை. நல்ல லாபம். நீ படித்தாய்.

அஞ்சலையின் மீனில் பெரும்பாலானது கெட்டுப்போனது என்று கேள்விப்பட்டேன். கோழித்தீவனத்துக்கு எடுக்கிறவன் வந்து அள்ளிக்கொண்டு போனானாம். அதற்குப் பிறகு அவள் நம்மிடம் வரவில்லை. எங்கேயாவது எதிரே வந்தால், "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

உன் வேலையைப் பற்றி நான் சொல்ல நினைத்தது இதுதான். நான் இருக்கிற உப்பை இல்லை என்றேன். உன்னை இல்லாத உப்பை இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறார்கள். என் பொய் விலையை ஏற்றியது, உன் பொய் இறக்கும். இரண்டும் ஒரே பொய்தான். பேரம் பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. "இதுக்கு மேல தர முடியாது" என்று சொல், அது உன் முடிவு. மழை வரும் என்று நினைத்தால் முன்கூட்டியே வாங்கி வை, அது உன் சாமர்த்தியம். விலை என்பது இரண்டு பேர் இழுக்கிற கயிறு, இழுக்கத்தான் வேண்டும். ஆனால் உன் எதிரில் நிற்கிற உப்பளக்காரன், உன் குடோன் நிறைந்திருக்கிறது என்று நம்பி, தன் பெண்ணின் படிப்பையோ வீட்டுக் கூரையையோ தள்ளிப்போட்டுவிட்டு, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவான். அவனுக்கு அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. உன்னிடம் இருக்கிற கோடு அவனிடம் இல்லை. அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியாது. வேலை போனாலும் போகட்டும் என்று வீறாப்பாக எழுத எனக்கு மனம் வரவில்லை. எத்தனை இன்டர்வியூவுக்குப் பிறகு கிடைத்தது என்று எனக்குத் தெரியும். நீ யோசித்துச் செய்.

இதுவரை எழுதி வைத்து இரண்டு நாள் ஆகிறது. இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று ஒரு காரியம் நடந்தது. உன் போனுக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மினி லாரியில் பத்து மூட்டை நல்ல உப்பு ஏற்றிக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவளுக்கும் வயதாகிவிட்டது, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முற்றத்து வலையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. "அஞ்சல, அந்த வருஷம் உங்கிட்ட பொய் சொன்னேன். உப்பு இருந்துது" என்றேன். இதை வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"தெரியும்ணே" என்றாள்.

"இந்தப் பத்து மூட்டய வெச்சுக்கோ. காசு வேணாம்."

அவள் லாரியைப் பார்த்தாள், மூட்டையைப் பிரித்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இன்னிக்கு வெல இன்னா?" என்றாள். சொன்னேன். உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்து, ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தாள். நான் கையை நீட்டாமல் நின்றதும், "வாங்கிக்கினா எறக்குங்க. இல்லாட்டி ஓட்டிக்கினு போங்க" என்றாள். "வெலய நீங்க எவ்ளோ வேணா சொல்லுங்கண்ணே, கட்டுப்படி ஆவுதா இல்லியான்னு நான் பாத்துக்கறேன். இருக்குதான்னு கேட்டா மட்டும் உள்ளத சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." வாங்கிக்கொண்டேன். வேறு வழியில்லை.

மூட்டைகளை இறக்கி முடித்த பிறகு மோர் கொடுத்தாள். உன்னைப் பற்றி விசாரித்தாள். குஜராத்தில் உப்பு வாங்குகிற கம்பெனியில் இருக்கிறாய் என்றேன். சிரித்தாள். "அன்னிக்கு கன்னம் செவந்துபோய் வந்தா, பாவம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "உங்களுக்குத் தெரியாதா? உங்க பொண்ணு அன்னிக்கு சாயங்காலம் உங்க உப்ப சாக்குல அள்ளி சைக்கிள் கேரியர்ல கட்டிக்கினு வந்தா. ரெண்டு நட. ஒரு மூட்ட தேறுச்சு. ஒரு தொட்டி மீனு அதுலதான் பொழச்சுது. காசு குடுத்தேன், வாங்கல. காஞ்ச ஒடனே ஒரு பொட்டலம் கருவாடு கட்டி, அக்காகிட்ட குடுத்தனுப்பிச்சேன்."

அக்கா என்றது உன் அம்மாவை. வீட்டுக்கு வந்து கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். "அவதான் சொல்லாதன்னா. அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும்னா" என்றாள்.

தேனு, உன்னை அடித்தது தப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு. மேலே எழுதியிருக்கிற அறிவுரையெல்லாம் உனக்குத் தேவைப்படாது என்று நேற்றிலிருந்து நினைக்கிறேன். ஆனாலும் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

அந்தக் கருவாடு என்ன ஆயிற்று என்றும் உன் அம்மாவிடம் கேட்டேன். கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாளாம். நீ எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாயாம். "ரொம்ப நல்லா இருக்குதுன்னு நீங்க ரெண்டாவது தடவ ஊத்தச் சொன்னீங்க" என்றாள். "அவதான் எழுந்து ஊத்துனா."

அப்பா